பதினேழாவது பெட்டியின் சத்தம்

ஷூலின்
சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம், பதிமூன்றாம் நாள், வியாழக்கிழமை

அன்புள்ள தோங்-தோங்,

கணினியைக் குளிர்விக்கத் தண்ணீரா காற்றா என்று கேட்டிருந்தாய், அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாக இதே வேலையைச் செய்கிறவள் இப்படிச் சொல்வது உனக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதியை எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் கிளட்சை மிதிக்கும்போது வலிக்கிறதாம், நீ இருமலைப் பற்றி எழுதியது இரண்டு வாரத்துக்கு முன்னால், இந்நேரம் சரியாகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். உப்சாலாவில் இப்போதே சாயங்காலங்களில் குளிர்கிறது என்று எழுதியிருந்தாய், இங்கே காற்று நின்றுபோய் மூன்று நாளாகிறது, சனிக்கிழமை சூறாவளி கரையேறும் என்கிறார்கள், எதிர்வீட்டு மாமரத்தில் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள்கூட நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டன. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

போன வருடம் நான் எங்கள் ஆலையிலிருந்து வாங்கி அனுப்பினேனே, செருப்புப் பெட்டி அளவு கணினி, அது ஒரு மாதமாகச் சத்தம் போடுகிறது, ஜவ்வரிசி போட்ட பால் டீயில் அடியில் மிஞ்சினதை உறிஞ்சுகுழலால் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் என்று எழுதியிருந்தாய். பறவைக் குரல்களைப் பிரித்துக் கேட்பதையே படிப்பாக வைத்திருக்கிறவள் நீ, உன் காதை நான் சந்தேகப்படவில்லை. நண்பர்களில் ஒருவன் இதைத் தூக்கி எறிந்துவிட்டுக் காற்றில் குளிர்வதை மாட்டு என்கிறான், இன்னொருத்தி இதைவிடப் பெரிய தண்ணீர்க் குளிர்விப்பானை வாங்கு என்கிறாள், அம்மா என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். எது மேல் என்று சத்தியம் பண்ணிச் சொல்கிற யாரையும் நம்பாதே, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பெட்டிக்குள் இந்தக் கேள்விக்கே இடமில்லை, எதை வைத்தாலும் ஓடும். சின்னப் பெட்டிக்குள்தான் தொல்லை. காற்று என்றால் உலோகத் தகடுகளும் ஒரு விசிறியும், அவ்வளவுதான். கெட்டுப்போவதற்கு விசிறி ஒன்றுதான் இருக்கிறது, கெட்டால் கிறீச்சிடும், தூசி அடைந்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் இடமில்லாத பெட்டியில் அது தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும், போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனைப் போல. தண்ணீர் அப்படியில்லை, சூட்டை ஒரு இடத்தில் வாங்கிக்கொண்டு பெட்டியின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும், அதைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். ஆனால் கெடும்போது அது சொல்லிக்கொண்டு கெடாது. குழாய் ஒழுக வேண்டும் என்பதில்லை தோங்-தோங், ரப்பரின் சுவர் வழியாகவே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஒரு சொட்டு கீழே விழாது, தொட்டால் ஈரம் இருக்காது, எடை மட்டும் குறையும். போன தண்ணீரின் இடத்தில் காற்று வந்து உட்காரும், காற்று மேலே ஏறும், சின்னப் பெட்டியில் வேறு இடம் இல்லாததால் மேலே இருப்பது பெரும்பாலும் பம்புதான். நீ கேட்கிற சத்தம் பம்பு காற்றைக் குடிக்கிற சத்தம். உன் அறையில் அது நின்றுபோனால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, தீப்பிடிக்காது, கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், அன்றைய கணக்கு போகும், அவ்வளவுதான். ஆனால் உன் வரியைப் படித்தபிறகு புதன்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை, ஏனென்றால் அதே பம்பும் அதே குழாயும் இப்போது உன் மேஜையில் மட்டும் இல்லை.

மே மாத நடுவில் எங்கள் ஆலையிலிருந்து முப்பத்தாறு கணினிகள் மலைச்சாலைக்குப் போயின. உன் அப்பா லாரியில் முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு வருகிற அதே சாலைதான். சாலையோரம் நெஞ்சு உயரத்துக்கு இரும்புப் பெட்டி, உள்ளே நம் கணினி, மேலே கம்பத்தில் ஒரு கேமரா மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கும். கல் உருள ஆரம்பித்தால் கணினி அதைக் கண்டுபிடித்து வளைவுக்கு முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கைப் போட வேண்டும். மற்ற நேரத்தில் விளக்கு எரியாது. எரியாத விளக்கைப் பார்த்து ஓட்டுநர்கள் நிம்மதியாகப் போவார்கள். கணினியே நின்றுபோனாலும் விளக்கு எரியாது. இதை அப்போதே ஒருவர் கூட்டத்தில் கேட்டார், மாதம் ஒருமுறை ஆள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பான் என்று பதில் சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள், மலையில் சிக்னல் கிடைக்காததால் வேறு வழியும் இல்லை. இந்தப் பெட்டிக்குள் தண்ணீரா காற்றா என்று முடிவுசெய்ய மார்ச்சில் சோதனை வைத்தோம். சூட்டு அறையில் ஐம்பத்தைந்து டிகிரி, பதினான்கு நாள், காற்றில் குளிர்பவை மூன்று, தண்ணீரில் குளிர்பவை மூன்று. காற்றில் குளிர்பவை நான்காம் நாள் ஒன்றும் ஐந்தாம் நாள் இரண்டுமாக நின்றுபோயின. தண்ணீர் மூன்றும் கடைசிவரை ஓடின. தண்ணீர் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

நேற்று உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு அந்த அறிக்கையை மறுபடி எடுத்தேன். எடைக் கட்டத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, பதினான்கு நாளில் நான்கு கிராம், நான்கு கிராம், ஐந்து கிராம் குறைவு. ஐந்துவரை அனுமதி என்று படிவத்தில் யாரோ எப்போதோ அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அதனால் தேர்ச்சி என்று போட்டிருக்கிறேன். கம்பத்தடியில் அது எத்தனை பதினான்கு நாள் நிற்கப்போகிறது என்று நான் பெருக்கிப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பதே தொண்ணூறு கிராம் தண்ணீர், இருபத்தைந்து போனால் பம்பு காற்றை இழுக்க ஆரம்பிக்கும். மே நடுவிலிருந்து இன்றுவரை பதினான்கு வாரம், ஏழு நான்கு இருபத்தெட்டு. மலையில் இரவு குளிரும், அதைக் கழிக்க வேண்டும், பகலில் வெயில் இரும்புப் பெட்டியைச் சுடும், அதைச் சேர்க்க வேண்டும். கூட்டியும் கழித்தும் பார்த்தேன், ஒரு தடவை அக்டோபர் என்று வந்தது, இன்னொரு தடவை போன வாரம் என்று வந்தது.

இது மட்டும் என்றால்கூட நான் தூங்கியிருப்பேன். அப்புறம்தான் படங்களைத் திறந்தேன். தினமும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது விதி, நானே எடுத்தேன், எடுத்தவள் பார்க்கவில்லை. நீ சின்ன வயதில் அழுதால் வாங்கித் தருவேனே, தேங்காய் மணக்கிற சோளப் பொரி, சமர்த்தாக இரு என்று பையின் மேலேயே அச்சடித்திருக்கும், இயந்திரமும் சமர்த்தாக ஓடட்டும் என்று அந்தப் பச்சைப் பொட்டலம் எங்கள் ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒன்று வைத்திருப்பார்கள் என்பது உனக்குத் தெரியும், நீ ஒரு தடவை அதில் ஒன்றைப் பிரித்துத் தின்று எல்லோரையும் அலறவைத்திருக்கிறாய். பச்சையாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் இயந்திரத்தின் விளக்கும் பச்சையாகவே எரியும், தேதி முடிந்த பொட்டலம் கூடாது, முடிந்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். எனக்கு இதிலெல்லாம் ஒரு நம்பிக்கையும் இல்லை, தடுத்ததும் இல்லை. சோதனையின் மூன்றாம் நாள் ஆ-ஜே விடுப்பில் இருந்தான், அவன் மனைவிக்குப் பிரசவம், சூட்டு அறை அவன் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஃபோன் பண்ணினான். வெய் அக்கா, தப்பா நினைக்காதீங்க, இன்னையோட ஆறு பொட்டலத்துக்கும் தேதி முடியுது, கீழ கடையில புதுசு வாங்கி வெச்சிடுங்க, என் பொண்ணு பொறக்கற நேரத்துல மெஷின் மக்கர் பண்ணக்கூடாது என்றான். பின்னால் ஒரு பெண் வலியில் கத்துவது கேட்டது, இவன் பொரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கினேன். கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற சூடு, பழையதை எடுத்துக்கொண்டு புதியதை ஒவ்வொரு கணினியின் மேலும் ஒன்றாகப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

முதல் இரண்டு நாள் படங்களில் பொட்டலங்கள் கணினிகளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றாம் நாளிலிருந்து மேலே படுத்திருக்கின்றன. தண்ணீரில் குளிர்பவற்றுக்கு மேல்பக்கம் மூடியிருக்கும், பொட்டலம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. காற்றில் குளிர்பவற்றுக்குச் சூடு வெளியேறுகிற வழியே மேல்பக்கம்தான். தோங்-தோங், அந்த மூன்று கணினிகளும் தோற்கவில்லை, நான் அவற்றின் மூக்கைப் பொத்தினேன். ஆ-ஜேயிடம் காரணம் சொல்லாமல் பொட்டலத்தை எப்படி வைப்பாய் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். நிமிர்த்தித்தான்க்கா வெக்கணும், அதுவும் பக்கத்துல, படுக்கப்போட்டா அது தூங்கிடும், அப்பறம் மெஷின யாரு பாத்துக்கறது, அதோட மேல வெச்சா காத்து அடைக்கும்ல, இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே என்றான். நம்புகிறவனுக்கு அதன் முறை தெரிந்திருக்கிறது. நம்பாதவள் எங்கே போட்டால் என்ன என்று போட்டுவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு பொருளை எங்கே வைக்கிறேன் என்று பார்க்காமல் வைத்தது அந்த ஒரு தடவைதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அதற்கும் ஆதாரம் இல்லை.

இன்று காலை மேலாளர் ஹோவிடம் போனேன். அவரை உனக்குத் தெரியும், நீ கிளம்பும்போது சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுத்தாரே, அவர்தான், கெட்டவர் இல்லை. நாளைக்கு ஆலை வாசலில் பேய் மாதப் படையல், பழமும் நூடுல்ஸும் குளிர்பானமும் மேஜைமேல் அடுக்குவதற்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். நான் படங்களைக் காட்டினேன், எடையைச் சொன்னேன், பெட்டிகளைத் திறந்து பார்க்கும்வரை சாலையில் ஆள் நிறுத்தச் சொல்லி, பெட்டிகளை வாங்கிய சாலை ஒப்பந்தக்காரருக்கு எழுதலாம் என்றேன். பொட்டலமா, வெய் மேடம், அந்தப் பொட்டலம் இருந்ததாலதான் ஆறுல மூணாச்சும் ஓடுச்சுன்னு நான் நெனச்சிட்டிருக்கேன் என்றார், சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு, எந்தப் பெட்டியாவது நின்னுருக்கா, யாராவது புகார் குடுத்தாங்களா என்று கேட்டார். நின்றாலும் விளக்கு எரியாது, நிற்காவிட்டாலும் எரியாது, யார் புகார் கொடுப்பார்கள் என்றேன். புகார் இல்லைன்னா நிக்கலைன்னுதானே அர்த்தம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல அண்ணன்மாருங்க வாசல்ல வந்து நிக்கற மாசம் மேடம், பேயின்னுகூட வாயால சொல்லமாட்டோம், நீங்க என்னடான்னா விழும் நிக்கும்னு பேசிக்கிட்டு வரீங்க, புயல் போகட்டும், திங்கக்கிழமை நானே எழுதறேன், இப்ப எழுதினா நாம பண்ண சோதனையே பொய்யின்னு ஆயிடும், கையெழுத்து உங்களோடது, மறந்துடாதீங்க என்றார். மிரட்டினார் என்று எழுத மாட்டேன். நினைவுபடுத்தினார். கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து கைப்பையில் வைத்திருக்கிறேன், இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு பெட்டியையாவது திறந்து பார்க்காமல், நின்றுவிட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. ஒரு எண்ணைக்கூட அளக்காமல் எழுதாதவள் என்று பேரெடுத்தது இப்போது என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

உன் அப்பா மதியம் சாப்பிட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினார். புயலுக்கு முன்னால் தோட்டத்தில் இருப்பதையெல்லாம் வெட்டி இறக்க வேண்டும் என்று எல்லா லாரிகளும் இன்று ஏறுகின்றன, நாளைக் காலை இறங்கும், வருடா வருடம் நடப்பதுதான். சோயாவில் வெந்த கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார், நான் எதிரில் உட்கார்ந்து போகாதே என்றேன், அதையும் சத்தமாகச் சொல்லவில்லை. ஏன் என்றார். பம்பைப் பற்றிச் சொன்னேன், பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அவர் முன்பு வேலை பார்த்த ஆலை மூடும்வரை இருபது வருடம் இயந்திரங்களோடு இருந்தவர், புரிந்துகொள்ளாமல் இல்லை. இஞ்சினியரம்மா, மூணு மாசமா அந்த விளக்கக் காட்டி இது என் பொண்டாட்டி செஞ்சதுன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பெருமையடிச்சிட்டிருக்கேன், கூட லாரி ஓட்டற குண்டு லாய் அதுக்கே என்னைக் கிண்டல் பண்றான், இப்ப வந்து அதை நம்பாதேங்கறியா என்றார். கோஸ் அழுகிப்போகும் என்றார், அங்கே அந்தத் தோட்டக்காரன் பெண்டாட்டி பிள்ளையோடு வெட்டிக்கொண்டிருப்பான், வண்டி வராவிட்டால் என்ன செய்வான் என்றார். கடைசியில், சரி, நிக்கறதுக்கு நூத்துக்கு எத்தனை இருக்கும், நீ சொல்லு என்றார். தெரியாது என்றேன். அப்போதுதான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நீ தெரியாதுன்னு சொல்லிக் கேட்டதில்ல, அதுதான் கொஞ்சம் பயமா இருக்கு என்றார். ஆனாலும் கிளம்பினார். நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இறங்கும்போது பன்றிமூக்கு வளைவுக்கு முன்னால் பதினேழாவது பெட்டி இருக்கிறது, சரிவு அதிகம் உடைந்திருப்பது அங்கேதான், வெயில் அதிகம் விழுவதும் அங்கேதான். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இரும்பில் காதை வை, வண்டு முரலுவது போல இருந்தால் போகலாம், உறிஞ்சுகிற சத்தம் கேட்டாலும் போகாதே, ஒன்றுமே கேட்காவிட்டாலும் போகாதே என்றேன். லாரிய நடுரோட்டுல நிறுத்திட்டுப் பொட்டிகிட்ட ரகசியம் பேசறவனப் பாத்தா பின்னாடி வர்றவன் என்னடி நெனப்பான் என்று சிரித்தார். செய்கிறேன் என்று சொன்னாரா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. நான்கு மணிக்கு மேல் அவர் ஃபோன் சிக்னலுக்கு அப்பால் போய்விட்டது.

இப்போது மணி ஆறு. மேற்கே வானம் செம்பருத்திச் சாறு மாதிரி ஆகியிருக்கிறது, புயலுக்கு முந்தின சாயங்காலம் எப்போதும் இப்படித்தான், நீ மொட்டைமாடியில் ஏறி நின்று படம் எடுப்பாய், எனக்கு அந்த நிறம் ஒருநாளும் பிடித்ததில்லை. தெருவில் எல்லோரும் வாசலில் செத்தவர்களுக்காகக் காகிதப் பணம் எரிக்கிறார்கள், புகை எழும்பாமல் தரையிலேயே கிடக்கிறது. பார்சலில் காற்றில் குளிர்கிற தகடும் விசிறியும் வைத்திருக்கிறேன், உன் பெட்டிக்கு அளவு பார்த்தது, நான்கு திருகாணிதான், பழையதை எடுக்கும்போது குழாயை வெட்டாதே. அதுவரை கணினியை இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்காதே, கணக்குகளை வேறொரு இடத்திலும் எழுதிவை. மாட்டியபிறகு அதன் மேல் ஒன்றும் வைக்காதே, புத்தகமோ, கையுறையோ, நீ சேர்க்கிற இறகுகளோ, ஒன்றும். உலர்ந்த காளானும் அப்பா வறுத்த நிலக்கடலையும் இருக்கின்றன, ஈரம் படாமல் வை. நீ நன்றாக இருக்க வேண்டும், நீ எடுத்த காரியம் ஒவ்வொன்றும் உன் பெயரோடு நேர்மையாக முடிய வேண்டும், இதைவிடப் பெரிய ஆசி எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது, அவர் கேட்க மாட்டார், ஆனால் எதிர்பார்ப்பார்.

உன் அம்மா,
வெய் ஹுயி-ரோங்

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

பார்சலை இன்னும் ஒட்டவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பதினொன்று இருபதுக்கு அப்பா கூப்பிட்டார். காலையில் இறங்கும்போது முதலில் பத்தொன்பதாவது பெட்டியில் காதை வைத்திருக்கிறார், நன்றாக இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அங்கே முரலுகிற சத்தம் கேட்டது. பதினெட்டில் உறிஞ்சுகிற சத்தம். பதினேழில் ஒன்றும் இல்லை, கையால் தட்டிப் பார்த்தேன், காலிப் பானை மாதிரி இருந்துச்சு என்றார். லாரியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். பின்னால் பதினோரு வண்டிகள் சேர்ந்தன. குண்டு லாய் இறங்கி வந்து, ஏன்டா, உன் பொண்டாட்டி கனவு கண்டான்னு என் கோசை அழுக வெப்பியா, நகருடா என்று கத்தினானாம். கனவு கண்டிருந்தா நான் போயிட்டே இருந்திருப்பேன்டா, அவ தெரியாதுன்னு சொன்னா, அதான் நிக்கறேன் என்று இவர் சொன்னாராம். ஐம்பது நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். சாலைக் கண்காணிப்பு வண்டி வந்து பெட்டியைத் திறந்தார்கள். கணினி அணைந்திருந்தது. அதன் கடைசிப் பதிவு போன சனிக்கிழமை மதியம் இரண்டு பன்னிரண்டு. ஆறு நாளாக அந்தச் சரிவை யாரும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை உன் அப்பா அதற்கடியில் ஏறியும் இறங்கியும் இருக்கிறார், ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் விளக்கைக் காட்டிப் பெருமை பேசினாராம். கல் ஒன்றும் விழவில்லை. கொடியோடு ஒரு ஆளை மேலே பார்க்க வைத்து ஒவ்வொரு வண்டியாக விட்டார்கள். இரண்டரைக்கு வீடு வந்துவிட்டார், உள்ளே தூங்குகிறார்.

அவர் ஃபோனை வைத்ததும் கைப்பையில் இருந்த பக்கத்தில் இரண்டு வரி சேர்த்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினேன், படங்களையும் சேர்த்து. கையெழுத்துப் போட்டவரும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆளா என்று அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டுக் கேட்டாள், ஆமாம் என்றேன். நான்கு மணிக்கு எல்லாப் பெட்டிகளையும் திறக்கும்வரை சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு மணிப் படையலில் மேலாளர் ஹோ கையில் ஊதுபத்தியோடு நின்றபோதே நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, பொட்டலத்த வெச்சது ஆ-ஜேவா என்று கேட்டார். ஆ-ஜே பக்கத்தில்தான் நின்றிருந்தான். நான்தான் என்றேன். திங்கட்கிழமை வராதீர்கள் என்று அவர் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. ஊதுபத்தியை நட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னார். பதினேழாவது பெட்டிக்குள், அணைந்துபோன கணினிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டலம் இருந்ததாம், இந்த மாதத் தொடக்கத்தில் பார்க்க வந்த ஆள் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். படுக்கவைக்காமல், முறைப்படி நிமிர்த்தி வைத்திருந்ததாம். தேதி டிசம்பர்வரை இருந்தது என்றார். மழை தொடங்கிவிட்டது.